பக்குவம் பள்ளியின் பொறுப்பு: இனப்படுகொலைக் கல்விக்கான கொள்கைப் பிரகடனம்

இனப்படுகொலையைப் பற்றிப் பிள்ளைகள் எந்த அகவையில் அறிய வேண்டும் என்ற வினாவுக்கு இதுவரை அச்சம் ஒரு விடை சொன்னது; அவசரம் ஒரு விடை சொன்னது. அச்சம் பிள்ளையின் கண்ணைப் பொத்தியது. அவசரம் பிள்ளையின் கண்முன்னே பிணக்குவியலைக் கொட்டியது. இரண்டின் காலமும் முடிந்துவிட்டது. இனி இந்த வினாவுக்கு அறிவும் பொறுப்பும் விடை சொல்லும். அந்த விடையைச் சொல்லவே நாம் ஒன்றுகூடியிருக்கிறோம்.

நாம் வகுப்பறையில் நிற்பவர்கள், பிள்ளைகளை வளர்ப்பவர்கள், நூலகத்தில் சிறுவர் கேட்கும் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பவர்கள். பேரழிவிலிருந்து தப்பியவர்களின் மக்களும் பேரர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். நாடும் மதமும் நம்மைப் பிரிக்கலாம். ஒரு கொள்கை நம்மை இணைக்கிறது. பக்குவம் பிள்ளையிடம் தானே வந்து சேரும் பருவம் அன்று. அது பெரியவர்கள் முறையாகக் கட்டி எழுப்பித் தர வேண்டிய ஆற்றல். பிள்ளை இன்னும் ஆயத்தமாகவில்லை என்று சொல்லும் பள்ளி, ஆயத்தப்படுத்தும் தன் வேலையை இன்னும் தொடங்கவில்லை என்றே பொருள்.

1948 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கை, இனப்படுகொலையைத் தடுத்தல், தண்டித்தல் என இரு கடமைகளை உலகின் மீது சுமத்தியது. தண்டித்தலுக்கு நீதிமன்றங்கள் எழுந்தன. தடுத்தலுக்கு எழ வேண்டியவை எழவில்லை. வழக்கு நீதிமன்றத்தின் படியேறும்போது ஊர் அழிந்திருக்கும். சாட்சி சொல்லச் சிலரே மிஞ்சியிருப்பார்கள். தடுத்தலின் முதல் இடம் வகுப்பறை. அதன் முதல் கருவி கல்வி. ஜெர்மானியச் சிந்தனையாளர் தியோடர் அடோர்னோ 1966இல் ஆற்றிய வானொலி உரையில், ஆஷ்விட்ஸ் மீண்டும் நிகழாமல் காப்பதே கல்வியின் தலையாய கடமை என்றார். அந்தக் கல்வி சிறுபருவத்திலேயே வேர்பிடிக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. நாம் அந்தச் சொல்லைச் செயலாக்க வந்திருக்கிறோம்.

வெறுப்பு ஒருநாளும் பிள்ளைகளின் வயதைக் கேட்டதில்லை. 1938இல் நாஜிப் பிரச்சாரகர் யூலியஸ் ஷ்ட்ரைஷரின் பதிப்பகம் 'நச்சுக் காளான்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு வண்ணப் படப் புத்தகத்தை வெளியிட்டது. யூதரை நஞ்சு என்று சொல்லித் தரும் அந்தப் புத்தகம் எழுதப்பட்டது சிறுவர்களுக்காக. அதே ஆண்டு நவம்பர் 15 அன்று, யூதப் பிள்ளைகள் அனைவரும் ஜெர்மானியப் பொதுப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். நேற்றுவரை பக்கத்தில் அமர்ந்திருந்த தோழி இன்று ஏன் வரவில்லை என்பதை ஏழு வயதுக் குழந்தையும் பார்த்தது. அதற்கு ஒரு விளக்கமும் அதன் காதில் ஓதப்பட்டது. ருவாண்டாவில், டுட்சி இனப்படுகொலை நடந்த 1994க்கு முந்தைய பல்லாண்டுகள், ஆசிரியர்கள் வகுப்பில் ஹூட்டுப் பிள்ளைகளைத் தனியே, டுட்சிப் பிள்ளைகளைத் தனியே எழுந்து நிற்கச் சொன்னார்கள். தான் யார் என்று தெரியாத குழந்தைகள் வீட்டுக்குப் போய்க் கேட்டுவந்து மறுநாள் எழுந்து நின்றார்கள். ஆறு வயதில் பிரிவினையைக் கற்பிக்க உலகுக்குத் தயக்கம் இருக்கவில்லை. பிரிவினை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்ல மட்டும் பதினாறு வயது வரை காத்திரு என்கிறது. இந்த முறையற்ற முறையை நாம் ஏற்பதற்கில்லை.

பள்ளி இந்தக் குற்றத்தின் வெளியே நின்ற நிறுவனம் அன்று. இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஒரு பன்னாட்டு நீதிமன்றம் வழங்கிய முதல் தண்டனைத் தீர்ப்பு 1998 செப்டம்பர் 2 அன்று வந்தது. தான்சானியாவின் அருஷாவில் இயங்கிய ருவாண்டா தீர்ப்பாயம் தண்டித்த அந்த மனிதர், தபா ஊராட்சியின் தலைவர் ஜான் பால் அகயேசு. ஊர்த் தலைவராவதற்கு முன் அவர் பள்ளி ஆசிரியர். பிறகு பள்ளிகளின் ஆய்வாளர். 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சே ஏரிக்கரை மாளிகையில் ஐரோப்பிய யூதர்களின் அழிவை நிர்வாக ஒழுங்குக்குக் கொண்டுவந்த நாஜி அதிகாரிகள் 15 பேர். அவர்களில் பலர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். கற்றவர்கள் கொன்றார்கள், கற்பித்தவர்களும் கொன்றார்கள். ஆகவே கல்வி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நாம் ஆறுதல் கொள்வதில்லை. எந்தக் கல்வி, யாருக்கு, எப்போது, எவ்வாறு என்பதே நம் வினா.

பழைய ஒழுங்கின் இரு முகங்களையும் ஒரே நாட்டில் காணலாம். கம்போடியாவில் 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை கெமர் ரூஜ் ஆட்சி சுமார் 17 லட்சம் முதல் 20 லட்சம் உயிர்களைத் தின்றது. புனோம் பென் நகரின் மேல்நிலைப் பள்ளி ஒன்று எஸ் 21 என்ற சித்திரவதைக் கூடமானது. கரும்பலகை இருந்த அறைகளுக்குள் செங்கல் சுவர்கள் எழுப்பப்பட்டுக் கொட்டடிகள் ஆயின. அந்த ஆட்சி வீழ்ந்த பின் 1980களின் பள்ளிப் பாடநூல்கள் கொலைக் காட்சிகளை மிகச் சிறு பிள்ளைகளுக்கும் பச்சையாக விவரித்தன. நோக்கம் புரிதல் அன்று, பகைமை. 1990களில் அரசியல் சமரசம் வந்தது. பாடநூலிலிருந்து அந்தக் காலமே கிட்டத்தட்ட மறைந்தது. முதலில் வெள்ளம், பிறகு வறட்சி. விளைவு எதுவென்றால், தாயும் தந்தையும் தாம் பட்ட பசியையும் அடியையும் சொன்னபோது, அப்படியெல்லாம் நடந்திருக்குமா என்று கேட்கும் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2007இல் கம்போடிய ஆவண மையம் காம்போலி டி எழுதிய வரலாற்று நூலை மாணவர்களுக்காக வெளியிட்ட பிறகுதான் அந்த நான்கு ஆண்டுகள் வகுப்பறைக்குள் முறையாக நுழைந்தன. ருவாண்டாவும் 1994க்குப் பின் தன் நாட்டு வரலாற்றைக் கற்பிப்பதைப் பல்லாண்டுகள் நிறுத்தி வைத்தது. காயம் பச்சையாக இருக்கும் தேசம் தயங்குவதை நாம் புரிந்துகொள்கிறோம். தயக்கத்தையே கொள்கையாக்குவதை நாம் மறுக்கிறோம்.

மிகச் சீக்கிரம் என்று ஒன்று உண்டு. அதை நாம் மறைக்கப் போவதில்லை. அதை அறியாத இயக்கம் இந்தப் பொறுப்புக்குத் தகுதியற்றது. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் சிமோன் ஷ்வெபர் ஒரு மூன்றாம் வகுப்பில் அமர்ந்து கவனித்தார். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு, அனுபவமும் அன்பும் மிக்க ஆசிரியர் ஒருவர் யூத இன அழிப்பை விரிவாகப் பாடம் நடத்தினார். சில பிள்ளைகள் கலங்கினார்கள். சிலருக்குத் தீய கனவுகள் வந்தன. இந்த வயது மிகச் சிறியது என்ற முடிவுக்கே ஷ்வெபர் வந்தார். அந்த வகுப்பில் எழுந்த கேள்விகளில் ஒன்று, கொண்டுபோகப்பட்டவர்களின் வளர்ப்புப் பிராணிகள் என்னவாயின என்பது.

அந்தக் கேள்வியை நாம் உயர்வாக மதிக்கிறோம். ஒரு குழந்தை தன் சிறு கைகளால் பற்றக்கூடியதைப் பற்றிக்கொண்டு, பற்ற முடியாததன் விளிம்பில் நின்று கேட்ட கேள்வி அது. அதற்கு வரலாற்றில் உண்மையான விடையும் உண்டு. 1942 பிப்ரவரியில் யூதர்கள் வளர்ப்புப் பிராணி வைத்திருப்பதை நாஜி அரசு தடை செய்தது. டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த மொழியறிஞர் விக்டர் கிளெம்பரரும் அவர் மனைவியும் தாம் வளர்த்த பூனையைக் கொல்லக் கொடுக்க நேர்ந்தது. அவர் அதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இந்த விடை எட்டு வயதுக்கு உரியதன்று. பன்னிரண்டு வயதுக்கு இதைவிடச் சிறந்த வாசல் அரிது. ஒரு பூனையைக்கூட விட்டுவைக்காத ஆணையிலிருந்து மாணவர் தாமே பின்னோக்கி நடப்பார்: பூங்கா இருக்கையைத் தடுத்த ஆணை, பள்ளியைத் தடுத்த ஆணை, திருமணத்தைத் தடுத்த 1935இன் நூரெம்பெர்க் சட்டங்கள். பிறகு முன்னோக்கியும் நடப்பார். கொலை ஒரு நாளில் வானத்திலிருந்து விழவில்லை என்பதும், ஒவ்வொரு படியிலும் கையெழுத்திட ஒரு கையும் கண்டுகொள்ளாத ஓர் ஊரும் தேவைப்பட்டன என்பதும் அவருக்கே விளங்கும். ஒரே கேள்வி இரு வயதுகளில் இரு வேறு விடைகளைக் கேட்கிறது. அந்த இரண்டையும் அறிந்த ஆசிரியரே நம் இயக்கத்தின் ஆசிரியர்.

ஆகவே நாம் ஒரே ஒரு வாசலையும் ஒரே ஒரு பிறந்தநாளையும் நம்புவதில்லை, தொடர்ச்சியை நம்புகிறோம். பத்து வயதுக்கு முன் முகாமும் இல்லை, பிணமும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. அந்த வயதுக்கு உரியவை நீதி, பெயர் சொல்லி இழிவுபடுத்தல், விலக்கி வைத்தல், விலக்கப்பட்டவரோடு சேர்ந்து நிற்றல் ஆகியவை. விளையாட்டில் ஒருவனைச் சேர்க்காமல் விடுவது எப்படி வலிக்கும் என்று ஆறு வயது அறியும். ஒரு குழந்தையின் கதையைச் சொல்லலாம். அந்தக் குழந்தை பிழைத்த கதையாக அது இருக்கட்டும். 1938 இறுதியிலிருந்து 1939இல் போர் தொடங்கும் வரை சுமார் 10,000 சிறுவர், பெரும்பாலும் யூதர், நாஜிகளிடமிருந்து தப்பி, பெற்றோரைப் பிரிந்து பிரிட்டனுக்கு ரயிலேறினார்கள். பெட்டியில் எதை எடுத்துச் செல்வாய் என்ற கேள்வியோடு ஒன்பது வயது அந்தக் கதைக்குள் நுழைய முடியும். பாதுகாப்பாக வெளியேறவும் முடியும்.

பதினொன்றை ஒட்டி இன்னொரு வாசல் திறக்கிறது. உலகின் அனுபவம் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து இங்கே கூடுவதை நாம் கவனிக்கிறோம். வாஷிங்டனில் உள்ள யூத இன அழிப்பு நினைவு அருங்காட்சியகம் தன் நிரந்தரக் கண்காட்சியைப் பதினொரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே பரிந்துரைக்கிறது. சிறியவர்களுக்கு டேனியல் என்ற சிறுவனின் பார்வையில் தனிக் கண்காட்சி அமைத்தது. இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் 1991 முதல் பதினொன்று முதல் பதினான்கு வயது வரையான மாணவர்களுக்கு யூத இன அழிப்புப் பாடத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2023 முதல் அதை ஆறாம் வகுப்பில் கட்டாயமாக்கியது. ஜெரூசலத்தின் யாத் வாஷெம் நினைவு மையம் ஒரே பொருளை வயதுக்கேற்ப மீண்டும் மீண்டும் எடுத்து, ஒவ்வொரு முறையும் ஆழம் கூட்டுகிறது. இந்த வயதில் மாணவர் காலவரிசையைப் பிடித்துக்கொள்கிறார்; ஒரு மனிதரையும் ஒரு கூட்டத்தையும் வேறுபடுத்துகிறார்; சட்டம் அநீதியாகவும் இருக்கக்கூடும் என்று முதல்முறையாக அதிர்கிறார். அந்த அதிர்ச்சியே கல்வி.

பதின்மூன்றில், நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்தபடி நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் பிராங்க் வருகிறார். அவருக்கு அந்த நாட்குறிப்பு கிடைத்தது 1942 ஜூன் 12, பதின்மூன்றாம் பிறந்தநாளில். அவர் பெர்கன் பெல்சன் முகாமில் இறந்தபோது வயது பதினைந்து. அவர் வாழ்ந்த வயதில் வாழ்பவர்களுக்கு அவர் எழுதியதைப் படிக்கும் பக்குவம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் நாட்குறிப்பு நிற்கும் இடத்தில் வகுப்பும் நின்றுவிடக் கூடாது. 1944 ஆகஸ்ட் 4 அன்று ஒளிவிடத்தின் கதவு திறந்தபின் நடந்ததை அந்தப் புத்தகம் சொல்லாது. ஆசிரியர் சொல்ல வேண்டும். நம்பிக்கை தரும் பக்கங்களோடு மூடிவைப்பது, ஆன் பிராங்கைப் பாதி வழியில் கைவிடுவது.

பதினைந்துக்கு மேல் கடினமான வினா தொடங்குகிறது: கொன்றவர்கள் யார்? வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் பிரவுனிங் 1992இல் எழுதிய ஆய்வு, ஹம்பர்க் நகரின் நடுவயது மனிதர்களைக் கொண்ட ஒரு காவல் படைப்பிரிவைப் பற்றியது. அவர்கள் அரக்கர்களாகப் பிறக்கவில்லை. முதல் படுகொலைக்கு முன், விரும்பாதவர் விலகலாம் என்று அவர்களுடைய தளபதியே சொன்னார். விலகியவர்கள் சிலர். இந்தச் சிலரையும் மற்ற பலரையும் பற்றிப் பேசாத இனப்படுகொலைக் கல்வி, பாதிக் கல்விகூட ஆகாது. பாதிக்கப்பட்டவருக்காக அழுவது எளிது. தன்னுள் இருக்கக்கூடிய உடன்படுதலை நோக்குவது கடிது. அந்தக் கடினத்துக்குப் பதினாறு வயதின் தோள் போதும். ஒப்பீடும், பன்னாட்டுச் சட்டமும், மறுப்புவாதத்தின் உத்திகளும் இந்த நிலைக்கு உரியவை.

வயது ஒரு குறிப்பு. முடிவான அளவுகோல் அன்று. ஒரே வகுப்பில் ஒரே வயதில் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவர் இன்றும் ஏதோவொரு போரின் கனவில் விழிப்பவராக இருக்கலாம். எனவே மாணவரைப் பார்க்கும் முன் ஆசிரியர் தன்னைப் பார்க்க வேண்டும் என்கிறோம். இந்தப் பாடம் தனக்குத் தெரியுமா? பிள்ளை அழுதால் என்ன செய்வோம் என்று யோசித்திருக்கிறோமா? பிள்ளை சிரித்தால்? பதின்பருவத்தினர் தாங்க முடியாததைக் கேட்கும்போது சிலவேளை சிரித்துவிடுகிறார்கள். அது அலட்சியம் அன்று, அரண். அந்தச் சிரிப்புக்குத் தண்டனை தரும் ஆசிரியர் இன்னும் ஆயத்தமாகவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இதை நடத்திவிட்டு மணியடித்ததும் அனுப்பும் பள்ளி ஆயத்தமாகவில்லை. பெற்றோருக்கு முன்கூட்டி அறிவிக்காத நிர்வாகம் ஆயத்தமாகவில்லை. பிள்ளையின் பக்குவத்தை அளப்பதற்கு முன் பெரியவர்களின் பக்குவம் அளக்கப்படட்டும்.

நாம் மறுப்பவற்றையும் உரக்கச் சொல்கிறோம்.

மாணவர் நெஞ்சில் மஞ்சள் நட்சத்திரம் குத்தி, சிலரைக் காவலராகவும் சிலரைக் கைதியாகவும் நடிக்கவைத்து, இருண்ட அறையில் நெருக்கி நிற்கவைத்து 'உணரச் செய்யும்' பயிற்சிகளை மறுக்கிறோம். அந்தத் துயரம் நடித்துப் பெறக்கூடியதன்று. நடிப்பவர் அதைப் பெற்றுவிட்டதாக நம்புவது இறந்தவர்க்குச் செய்யும் அவமதிப்பு. காவலராக நடிப்பதில் ஒரு சிறுவன் மகிழ்ச்சி காணத் தொடங்கினால் அந்த ஆசிரியர் யாரிடம் போய் முறையிடுவார்?

அதிர்ச்சிக்காகப் படங்களைக் காட்டுவதை மறுக்கிறோம். யூதர்களை அடைத்து வைத்த வார்சா கெட்டோவில் கைகளைத் தூக்கி நிற்கும் சிறுவனின் படத்தை உலகம் அறியும். அது 1943இல் அந்தக் கெட்டோவை அழித்த நாஜிப் படைத்தலைவர் யுர்கன் ஷ்ட்ரூப் தன் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் இருந்த படம். படக்கருவி கொலைகாரர் பக்கம் இருந்தது. அந்தக் கண்ணோடுதான் நாமும் அந்தச் சிறுவனைப் பார்க்கிறோம். இதை மாணவருக்குச் சொல்லாமல் படத்தை மட்டும் சுவரில் வீசுவது, பார்வையையும் சேர்த்து வீசுவது. இதற்கு எதிரே வேறொரு சான்று இருக்கிறது. தெரேசின் கெட்டோவில் ஓவியர் பிரீடல் டிக்கர் பிராண்டைஸ் சிறுவர்களுக்கு ஓவியம் கற்பித்தார். ஒவ்வொரு தாளிலும் பிள்ளைகள் தம் பெயரை எழுத வேண்டும் என்பார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டு அவர் கொல்லப்பட்டார். மறைத்து வைக்கப்பட்ட பெட்டிகளில் சுமார் 4,500 ஓவியங்கள் பிழைத்தன. பூக்களும் வீடுகளும் பட்டாம்பூச்சிகளும் வரைந்த அந்தக் கைகளின் பார்வையிலிருந்து பாடம் தொடங்கட்டும்.

இனிப்புத் தடவுவதையும் மறுக்கிறோம். கோடுபோட்ட பைஜாமா அணிந்த சிறுவனைப் பற்றிய புகழ்பெற்ற நாவல் பல பள்ளிகளில் வரலாறாகவே வாசிக்கப்படுகிறது. இந்த வரலாற்றைப் படிக்கவோ கற்பிக்கவோ விரும்புவோர் அதைத் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் நினைவிடமே 2020இல் அறிவித்தது. முள்வேலியின் இருபுறமும் அமர்ந்து சிறுவர் பேசி விளையாடும் முகாம் இருந்ததில்லை. அதேபோல், காப்பாற்றியவர்களின் கதைகளை மட்டும் அடுக்கி மனித இனத்தை மன்னித்துவிடும் பாடத்தையும் ஏற்கோம். பிரான்சின் லெ ஷம்போன் கிராமம் யூதர்களுக்கு அடைக்கலம் தந்தது; அது போற்றுதற்குரியது. யாத் வாஷெம் இதுவரை சுமார் 28,000 பேரை அறவோர் எனச் சிறப்பித்திருக்கிறது. கொல்லப்பட்டவர்கள் 60 லட்சம், அவர்களில் ஏறக்குறைய 15 லட்சம் பேர் குழந்தைகள். இரு எண்களும் ஒரே பலகையில் எழுதப்பட வேண்டும்.

மறுபுறம், காப்பாற்றும் பெயரில் உண்மையைப் பூட்டுவதையும் மறுக்கிறோம். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் டென்னசி மாகாணத்தில் மக்மின் மாவட்டப் பள்ளி வாரியம் யூத இன அழிப்பைப் பற்றிய, ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' என்ற சித்திர நூலை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து ஒருமனதாக நீக்கியது. சில வசைச்சொற்களும் ஓர் ஆடையற்ற சித்திரமும் காரணம் என்றது. வசைச்சொல்லைத் தாங்க முடியாத வயது என்று கருதப்பட்ட பதின்மூன்றில்தான் முகாம்களின் வாசலில் பிள்ளைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள்.

துயரங்களை எடைபோட்டு வரிசைப்படுத்துவதை மறுக்கிறோம். கண்ணீருக்கு மதிப்பெண் இடுவதை மறுக்கிறோம். நேற்றைய கொலைகாரரின் பேரக்குழந்தைகளை இன்றைய குற்றவாளிகளாக்கும் பாடத்தை, அது எந்த மொழியில் எழுதப்பட்டாலும், மறுக்கிறோம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது தொலைதூரத்து வினா அன்று. ஈழத்தின் 1983 ஜூலைப் படுகொலையும் 2009 மே மாதப் பேரழிவும் பல வீடுகளில் புகைப்படமாகவும் மௌனமாகவும் வாழ்கின்றன. தமிழின அழிப்பு பற்றிய கல்வி வாரத்தை 2021இல் ஒன்ராறியோ சட்டமன்றம் சட்டமாக்கியது; ஆண்டுதோறும் மே 18இல் முடியும் வாரம் அது. ஒன்ராறியோவின் ஸ்கார்பரோவில் ஆறு வயதுக் குழந்தையின் கையில் அந்த நாளில் ஒரு குவளை முள்ளிவாய்க்கால் கஞ்சி வைக்கப்படுகிறது. அம்மம்மா, இது ஏன் உப்பில்லாமல் இருக்கு என்று அது கேட்கும். பேச்சை மாற்றுவது பழைய ஒழுங்கு. கைபேசியில் காணொளியைத் திறந்து காட்டுவதும் பழைய ஒழுங்கே. சாப்பிட வேறொன்றும் இல்லாத நாட்களில் எங்கட சனம் இதைக் குடிச்சுத்தான் உயிரோட இருந்தது என்று அம்மம்மா சொல்வாரானால், அந்த வயதுக்குத் தேவையான உண்மை முழுதாகச் சொல்லப்பட்டுவிட்டது. பொய் ஒன்றும் கலக்கவில்லை. பின்னால் திருத்த வேண்டியது எதுவும் இல்லை. பதினொன்றில் அதே குழந்தை மீண்டும் கேட்கும்போது, அந்த ஒரு வாக்கியத்தின் மேல் அடுத்ததைக் கட்டலாம். சிறிய வயதுக்குச் சொல்வது சுருங்கலாம், பொய்யாகக் கூடாது. நம் கற்பித்தல் முறை முழுதும் இந்த ஒரு விதியிலிருந்து பிறக்கிறது.

பெற்றோரின் அச்சத்தை நாம் இகழவில்லை. தன் பிள்ளையின் இரவுத் தூக்கத்தைக் காக்க நினைப்பவர் நம் எதிரி அல்லர், அவரும் நம்மவர். அவரிடம் நாம் கேட்பது ஒன்றே. அந்தப் பிள்ளையின் கைபேசி நள்ளிரவில் எதையெல்லாம் கொண்டுவருகிறது என்று பாருங்கள். இடிபாடுகளுக்கு அடியிலிருந்து இழுக்கப்படும் உடல்கள், பெயரும் இடமும் காலமும் இன்றி, யார் எவரைக் கொன்றார் என்ற விளக்கமின்றி, அடுத்த நடனக் காணொளிக்கு முன் அரை நிமிடம் ஓடுகின்றன. பிள்ளை அறியாமல் இருக்கிறது என்பது பெரியவர்களின் கற்பனை. அது தனியே அறிகிறது என்பதே உண்மை. அந்தத் தனிமையை முடிவுக்குக் கொண்டுவருவதே நம் வேலை.

1997 மார்ச் 18 இரவு, ருவாண்டாவின் நியாங்கே மேல்நிலைப் பள்ளிக்குள் ஆயுதம் ஏந்திய கூட்டம் ஒன்று புகுந்தது. மாணவர்களை ஹூட்டு, டுட்சி எனப் பிரிந்து நிற்கச் சொன்னது. அவர்கள் பிரியவில்லை, நாங்கள் ருவாண்டர்கள் என்றார்கள். சுடப்பட்டார்கள், பலர் மாண்டார்கள். ருவாண்டா அவர்களைத் தன் நாட்டு வீரர்களின் வரிசையில் வைத்திருக்கிறது. மூன்றாண்டுகளுக்கு முன் பேரழிவைத் தம் கண்ணால் கண்ட தலைமுறை அது. ஆசிரியர் எழுந்து நிற்கச் சொன்னபோது எழுந்து நின்ற நாட்டில், பிரிந்து நில் என்றபோது பிரியாமல் நின்றவர்கள் அவர்கள். இந்தப் பாடத்தைப் பிணங்களுக்கு நடுவே கற்றுக்கொள்ளும் கதி இனி எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். புத்தகத்தில் கற்க முடியும். மேசையைச் சுற்றி அமர்ந்து, நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க, கேள்வி கேட்டுக் கற்க முடியும்.

இந்தப் பிரகடனத்தில் ஒப்பமிடும் ஆசிரியர், தன் பள்ளியில் எந்த வகுப்பில் எது சொல்லப்படுகிறது, எது சொல்லப்படாமல் விடப்படுகிறது என்பதை வரும் கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் எழுத்தில் பதிவார். அந்தப் பதிவைச் சக ஆசிரியர்களோடும் பெற்றோரோடும் ஒரே அறையில் அமர்ந்து வாசிப்பார். தான் அறியாத ஒரு பேரழிவையாவது, தன் இனத்துக்கோ மதத்துக்கோ நேராத ஒன்றை, ஆண்டுக்கு ஒன்றாக முறையாகக் கற்பார். ஒப்பமிடும் பெற்றோர், பிள்ளை கேட்கும் முதல் கேள்விக்குப் பொய் சொல்வதில்லை என்று உறுதி ஏற்பார். ஒப்பமிடும் நூலகர், ஒவ்வொரு வயதுக்கும் உரிய நூல்களைத் தாமே முழுதும் படித்துப் பிரித்து வைப்பார். பிள்ளை வந்து கேட்கும் நாளில், அதற்குப் பொருந்தும் நூல் அடுக்கில் இருக்கும்.

ஒப்பமிட வருவோரின் சாதியையும் மதத்தையும் நாட்டையும் நாம் கேட்பதில்லை. எந்த வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்கிறீர்கள் என்று மட்டுமே கேட்கிறோம். அந்த வயதிலிருந்து உங்கள் பணி தொடங்குகிறது.